ஸ்டாட்டா, எல்ஸ்டாட்டா, எஃப்ஸ்டாட்டா? கார்டை அழிக்கும் முன் கெர்னலிடம் எதைக் கேட்பது

கல்யாண ஸ்டுடியோக்களுக்கு, கேமரா கார்டிலிருந்து ஹார்டு டிஸ்குக்குப் படம் ஏற்றும் புரோகிராம் எழுதுகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். ஒரு ஃபைலின் அளவு என்ன, எப்போது மாறியது, அது ஃபைலா ஃபோல்டரா, யாருடையது என்பதையெல்லாம் லினக்ஸ் கெர்னலிடம் (கணினியின் மையப் புரோகிராம்) கேட்க ஸ்டாட், எல்ஸ்டாட், எஃப்ஸ்டாட், எஃப்ஸ்டாட்அட், ஸ்டாட்எக்ஸ் என்று ஐந்து சிஸ்டம் கால் (கெர்னலைக் கூப்பிடும் அழைப்பு) இருக்கின்றன. எதைக் கூப்பிடுவது? பெரும்பாலானவர்கள் முதலாவதையே எல்லா இடத்திலும் போட்டுவிட்டுப் போகிறார்கள், அது பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. ஓடாத நேரத்தில் போவது யாரோ ஒருவருடைய தாலி கட்டும் படம். அதனால்தான் இதை நிதானமாக எழுதுகிறேன்.

நம்ம குமரி மாவட்டத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆவணி, தை மாத முகூர்த்தம் வந்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமுள்ள ஸ்டுடியோக்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் கன்னியாகுமரியில் சூரிய உதயம், அப்புறம் மண்டபம், சாயங்காலம் முட்டம் கடற்கரை, மறுநாள் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அவுட்டோர் என்று எடுத்துவிட்டு கார்டுகளைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். அதே கார்டு அடுத்த வேலைக்கு வேண்டும். ஸ்டுடியோ அண்ணாச்சி கேட்பது ஒரே கேள்விதான்: "மக்ளே, எல்லாம் ஏறியாச்சா? கார்டை அழிச்சிரலாமா?" புரோகிராம் ஆமாம் என்று சொன்னால் அவர் அழித்துவிடுவார். எழுதுகிறவனுக்கு அந்த ஆமாமில்தான் பொறுப்பு முழுக்க இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பெயரைப் பற்றிக் கேட்கிறீர்களா, அல்லது கையில் திறந்து வைத்திருக்கிற ஃபைலைப் பற்றிக் கேட்கிறீர்களா என்பதை முடிவு செய்தால் போதும், பாதித் தேர்வு முடிந்தது. பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் என்பது ஒரு ஃபோல்டருக்குள் எழுதி வைத்த ஒரு வரி, அது ஒரு ஐநோடு எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அளவு, நேரம், அனுமதி, உரிமையாளர் எல்லாம் இருப்பது ஐநோடில். பெயரை மாற்றலாம், அதே பெயரில் வேறு ஃபைலை வைக்கலாம், ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். ஸ்டாட் பெயரைக் கேட்கும், எஃப்ஸ்டாட் ஃபைலைக் கேட்கும். இந்த இரண்டும் 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருந்தவை. சிம்லிங்க் (இன்னொரு பாதையைக் காட்டும் குறுக்குவழி) வந்தபோது கூடவே எல்ஸ்டாட் வந்தது, 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில், 1983-இல். எஃப்ஸ்டாட்அட் போசிக்ஸ் 2008 தரநிலையில் சேர்ந்தது. ஸ்டாட்எக்ஸ் லினக்ஸுக்கே உரியது, 2017-இல் 4.11 கெர்னலில் வந்தது, ஜிலிப்சி என்ற சி மொழி நூலகத்தில் கூப்பிட வசதி அடுத்த வருடம் 2.28-இல் கிடைத்தது.

சரி, ஸ்டாட்டிலிருந்து தொடங்குவோம். பாதையைக் கொடுத்தால் அது ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கிப் போய்க் கடைசியில் இருக்கிற ஐநோடை எடுத்து, 64 பிட் இன்டெல் கணினியில் 144 பைட் உள்ள ஒரு ஸ்ட்ரக்சரை நிரப்பித் தரும். வழியில் சிம்லிங்க் இருந்தாலும், கடைசிப் பெயரே சிம்லிங்காக இருந்தாலும், அது காட்டும் இடத்துக்குப் போய்விடும். ஃபைலைப் படிக்க உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் ஸ்டாட் வேலை செய்யும், ஆனால் பாதையில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும் அனுமதி வேண்டும். இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஃபைலின் அனுமதியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பிரச்சினை மூன்று ஃபோல்டர் மேலே இருக்கும். பைத்தானில் 'இருக்கிறதா' என்று கேட்கும் எக்ஸிஸ்ட்ஸ் ஃபங்ஷன் உள்ளுக்குள் ஸ்டாட்டைத்தான் கூப்பிடுகிறது. ஃபைல் இல்லாவிட்டாலும் இல்லை என்கிறது, நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் இல்லை என்கிறது. பேக்கப் புரோகிராமுக்கு இந்த இரண்டும் ஒன்றாகிவிடவே கூடாது. நேரடியாக ஸ்டாட்டைக் கூப்பிட்டு எர்ர்னோ என்ற பிழை எண்ணைப் பாருங்கள், ஈநோஎன்ட் என்றால் இல்லை, ஈஆக்செஸ் என்றால் இருக்கலாம், எனக்குத்தான் தெரியவில்லை.

தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. லினக்ஸ் பெயர்களைப் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. 'நாகர்கோவில்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'கோ'-வின் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஆனால் ஒரு கணினியில் உருவான பெயரை இன்னொரு கணினியில் டைப் செய்து ஸ்டாட் கேட்டால் ஈநோஎன்ட் வரும், கண்ணெதிரே ஃபோல்டர் இருக்கும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயர்களைப் பிரித்தே எழுதி வைக்கும் என்பதால், எடிட்டிங்குக்கு மேக்கும் பேக்கப்புக்கு லினக்ஸும் வைத்திருக்கிற இடங்களில் இதைப் பார்க்கலாம். தோவாளை, கொல்லங்கோடு, கோட்டாறு, இதெல்லாம் அதே வகைதான். ஃபோல்டரைப் பட்டியலிட்டபோது கெர்னல் என்ன பைட்டைக் கொடுத்ததோ அதையே அப்படியே திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள், நீங்களாகப் பெயரைக் கட்டாதீர்கள்.

நீளமும் இதோடு சேர்ந்ததுதான். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயர் 255 பைட் வரைதான் போகலாம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறி. ஆக 85 குறிகள்தான் கணக்கு. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர், மண்டபம், தேதி என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிறவர்கள் இதை எளிதாகத் தாண்டுவார்கள். எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டம் உள்ள கார்டில் கணக்கு வேறு, அங்கே 255 யூடிஎஃப்-16 அலகுகள் (தமிழில் ஒரு குறிக்கு ஒன்று) வரை இடம் உண்டு. அதனால் கார்டில் இருந்த பெயர் டிஸ்கில் ஏறாமல், பெயர் நீளம் என்ற பிழையோடு நின்றுவிடும். புரோகிராம் அந்தப் பிழையைத் தனியாகச் சொல்லவில்லை என்றால், அந்த ஃபோல்டர் விட்டுப்போனது யாருக்கும் தெரியாது.

எல்ஸ்டாட்டுக்கு வருவோம். கடைசிப் பெயர் சிம்லிங்காக இருந்தால் ஸ்டாட் அதைத் தாண்டிப் போகும், எல்ஸ்டாட் அங்கேயே நின்று லிங்கைப் பற்றியே சொல்லும். 'முட்டம்' என்ற ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் போட்டு எல்ஸ்டாட் கேட்டால் அளவு 21 என்று வரும், ஏனென்றால் லிங்கின் அளவு என்பது அது காட்டும் பாதையின் பைட் எண்ணிக்கை: முட்டம் என்பதில் ஏழு குறி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதே லிங்கை ஸ்டாட் கேட்டால் ஃபோல்டரின் விவரம் வரும். லிங்க் காட்டுவது ஒரு வெளி டிஸ்கில் இருந்து, அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டால் ஸ்டாட் ஈநோஎன்ட் சொல்லும், எல்ஸ்டாட் அப்போதும் லிங்க் இருக்கிறது என்று சொல்லும்.

ஒரு ஃபோல்டர் மரத்தை முழுக்க நடந்துபோகிற எந்த வேலைக்கும் நான் எல்ஸ்டாட் பக்கம்தான். ஸ்டாட் போட்டு நடந்தால், மேலே உள்ள ஃபோல்டருக்கே திரும்பக் காட்டும் ஒரு லிங்க் போதும், சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது ஒரே கல்யாணத்தை இரண்டு தடவை நகலெடுக்கும். அழிக்கிற புரோகிராம் என்றால் இன்னும் மோசம், லிங்கின் வழியாக வேறு டிஸ்குக்குள் போய் அங்கே அழிக்கும். லிங்கைப் பின்தொடர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், டிவைஸ் எண்ணும் ஐநோடு எண்ணும் சேர்ந்த ஜோடியைக் குறித்துவைத்துக்கொண்டு ஏற்கெனவே பார்த்ததா என்று கேளுங்கள். ஒரு கணினிக்குள் ஒரு ஃபைலுக்கு அதுதான் அடையாளம். ஃபேட் கார்டில் மட்டும் இதை நம்ப வேண்டாம். அங்கே ஐநோடு என்பதே கிடையாது, கெர்னல் அந்த நேரத்துக்கு ஒரு எண்ணைக் கொடுத்து ஒப்பேற்றுகிறது, கார்டைக் கழற்றி மாட்டினால் அது மாறிவிடலாம்.

எஃப்ஸ்டாட்தான் எனக்கு இந்த ஐந்திலும் மிகவும் பிடித்தது. பாதையைக் கொடுப்பதில்லை, ஏற்கெனவே திறந்த ஃபைலின் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்தபோது கெர்னல் கொடுத்த பிடி எண்ணை, கொடுக்கிறோம். ஸ்டாட் போட்டு அளவைப் பார்த்துவிட்டுப் பிறகு திறந்தால், பார்த்த ஃபைலும் திறந்த ஃபைலும் ஒன்றுதான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இடையில் எடிட்டிங் சாஃப்ட்வேர் புதிய ஃபைலை எழுதி அதே பெயரில் வைத்திருக்கலாம், பெரும்பாலான எடிட்டர்கள் சேமிக்கும்போது அப்படித்தான் செய்கின்றன. பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடைவெளியில் ஒருவன் சிம்லிங்கைச் செருகிவிடலாம் என்று எச்சரிப்பார்கள், அது உண்மை. ஸ்டுடியோவில் அவ்வளவு தூரம் போக வேண்டாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஃபோல்டரில் வேலை பார்த்தாலே போதும். முதலில் திறங்கள், லிங்கைப் பின்தொடராதே என்ற கொடியோடு (ஃப்ளாக்) திறங்கள், அப்புறம் எஃப்ஸ்டாட் கேளுங்கள், வகையைப் பாருங்கள், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே டிஸ்கிரிப்டரில் படித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை எஃப்ஸ்டாட் கேளுங்கள். இரண்டு தடவையும் அளவும் மாறிய நேரமும் ஒன்றாக இருந்தால், நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது பெரும்பாலும் யாரும் கை வைக்கவில்லை. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேரம் நேனோ செகண்டு இலக்கத்தில் தெரிந்தாலும் வழக்கமான கெர்னல்களில் அது சில மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் நகர்கிறது. 6.13 கெர்னலில்தான், யாராவது நேரத்தைக் கேட்டுவிட்டால் அடுத்த மாற்றத்துக்கு நுணுக்கமான நேரம் பதிகிற வசதி வந்தது.

திறப்பதற்கும் ஒரு விலை உண்டு. படிக்க அனுமதி இல்லாததைத் திறக்க முடியாது, பெயரிட்ட பைப்பை (ஒரு புரோகிராம் எழுத, இன்னொன்று படிக்கும் குழாய்) திறந்தால் மறுமுனையில் யாராவது எழுத வரும்வரை புரோகிராம் அப்படியே நின்றுவிடும். அதற்கு ஓ-பாத் என்ற கொடி இருக்கிறது. அது ஃபைலைப் படிக்கத் திறக்காமல் ஒரு பிடியை மட்டும் தரும், 3.6 கெர்னலிலிருந்து அந்தப் பிடியிலும் எஃப்ஸ்டாட் கேட்கலாம். படிக்கப் போவதில்லை, விவரம் மட்டும் வேண்டும், ஆனால் பெயர் இடையில் மாறுவதும் ஆகாது என்கிற இடத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

எஃப்ஸ்டாட்அட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஃபோல்டரின் டிஸ்கிரிப்டரைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கிறோம். மேலே உள்ள ஃபோல்டரின் பெயரை யாராவது நடுவில் மாற்றினாலும் நம் பிடி விடாது, நீளமான பாதையை ஒவ்வொரு தடவையும் மேலிருந்து இறங்க வேண்டியதும் இல்லை. ஒரு கொடியைக் கொடுத்தால் இதுவே எல்ஸ்டாட் ஆகிவிடும். நீங்கள் ஸ்டாட் என்று எழுதினாலும் புதிய ஜிலிப்சியில், சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் நியூஎஃப்ஸ்டாட்அட் என்றுதான் வரும், பயப்பட வேண்டாம். மரம் நடக்கிற புரோகிராமை சி மொழியில் எழுதுவதானால் நேராக இதையே எடுங்கள். பைத்தானில் எழுதுகிறவர்கள் 3.5-இலிருந்து இருக்கிற ஸ்கேன்டிரை எடுக்கலாம். ஃபோல்டரைப் பட்டியலிடும்போதே கெர்னல் 'இது ஃபைல், இது ஃபோல்டர், இது லிங்க்' என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறது, அதை வாங்கிக்கொண்டால் வகை தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டியதே இல்லை. சில ஃபைல் சிஸ்டம் தெரியாது என்று சொல்லும், அப்போது மட்டும் கேட்டால் போதும்.

ஸ்டாட்எக்ஸ் புதியது, அதனால் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தருகிற நல்லவை உண்மையில் நல்லவைதான்: எந்த விவரம் வேண்டும் என்று முகமூடியில் (மாஸ்க் என்ற பிட் வரிசை) சொல்லிக் கேட்கலாம், எது உண்மையில் நிரப்பப்பட்டது என்று பதிலிலும் முகமூடி வரும், நேரங்கள் எல்லாம் 64 பிட், 32 பிட் நேரம் தீர்ந்துபோகும் 2038 ஜனவரி 19 பற்றிய கவலை இல்லை, ஃபைல் மாற்ற முடியாததாக வைக்கப்பட்டிருக்கிறதா, சுருக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபைல் பிறந்த நேரம் கிடைக்கும். பழைய ஸ்டாட்டில் வரும் சிடைமைப் பலர் பிறந்த நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது ஐநோடு கடைசியாக மாறிய நேரம், அனுமதியை மாற்றினாலே அதுவும் மாறும். ஃபோல்டரைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையே கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 8.32-இலிருந்து ஸ்டாட்எக்ஸைத்தான் பயன்படுத்துகிறது.

ஆனால் ஸ்டுடியோ வேலைக்கு அந்தப் பிறந்த நேரம் எதற்கு? டிஸ்கில் ஏறிய நகலுக்கு அது நகலெடுத்த நேரம். எடிட்டர் புதிய ஃபைலாக எழுதிப் பெயர் மாற்றினால் அது மறுபடி பிறக்கும். தாலி கட்டியது எத்தனை மணிக்கு என்பது படத்துக்குள் கேமரா எழுதும் எக்ஸிஃபில்தான் இருக்கிறது, ஃபைல் சிஸ்டத்தில் இல்லை. போதாததற்கு சில பழைய கன்டெய்னர் (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும்) அமைப்புகளில் ஸ்டாட்எக்ஸ் 'இப்படி ஒரு கால் இல்லை' என்பதற்குப் பதிலாக 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பும், அதை உண்மையான அனுமதிப் பிழை என்று புரோகிராம் நம்பிவிடும். ஆகவே பிறந்த நேரமோ, அந்தக் கூடுதல் அடையாளங்களோ தேவைப்படும் இடத்தில் மட்டும் ஸ்டாட்எக்ஸ் எடுங்கள், எடுத்தால் திரும்பி வந்த முகமூடியைப் பார்க்காமல் ஒரு புலத்தையும் நம்பாதீர்கள்.

எந்தக் காலை எடுத்தாலும் மாறாத ஒரு சிக்கல் கார்டின் நேரம். ஃபேட்32 கார்டில் கேமரா உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, எந்த நாட்டு நேரம் என்று எழுதுவதில்லை. கன்னியாகுமரியில் காலை 6:15-க்கு எடுத்த சூரிய உதயத்தை, கார்டில் இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எண்ணும்படி மவுன்ட் செய்த லினக்ஸ் இந்திய நேரத்துக்கு மாற்றி 11:45 என்று காட்டும். அளவும் நேரமும் ஒன்றாக இருந்தால் ஏறிவிட்டது என்று கணக்குப் பார்க்கிற புரோகிராம், ஒரு நாள் ஒரு கணினியிலும் மறுநாள் வேறு மாதிரி மவுன்ட் ஆன கணினியிலும் ஓடினால், அத்தனை படத்தையும் புதிது என்று நினைத்து மறுபடி ஏற்றும். அதுபோக, ஃபேட்டில் மாறிய நேரம் 2 செகண்டு படியில்தான் பதியும். நகலெடுக்கும் ஆர்சிங்க் புரோகிராமில் நேர வித்தியாசத்தில் ஒரு செகண்டு விட்டுக்கொடு என்று சொல்லும் விருப்பம் இருப்பது இதற்காகத்தான். நீங்கள் சொந்தமாக எழுதினாலும் அந்த விட்டுக்கொடுப்பு வேண்டும். 32 பிட்டில் ஓடும் பழைய புரோகிராமாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள், பெரிய ஃபைல் ஆதரவோடு கம்பைல் செய்யவில்லை என்றால் 2 ஜிபி தாண்டிய வீடியோவுக்கு ஸ்டாட் ஈஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடும்.

இனி அண்ணாச்சியின் கேள்வி. கார்டிலும் டிஸ்கிலும் அளவு ஒன்று, நேரம் ஒன்று. அழிக்கலாமா? ஸ்டாட் குடும்பத்தில் எதைக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்காது. நகலெடுத்த ஃபைலின் அளவு சரியாகத் தெரியும் அந்த நொடியில், உள்ளடக்கம் ரேமில் மட்டும் இருக்கலாம், டிஸ்குக்குப் போயிருக்காது. எக்ஸ்ட்4-இல் புதிதாக எழுதியதும் எஃப்ஸ்டாட் கேட்டால், டிஸ்கில் இடமே இன்னும் ஒதுக்காமல் இருந்தாலும் அளவும் பிளாக் எண்ணிக்கையும் முழுதாகவே வரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அடிக்கிற ஊர் இது, மழையில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. அதனால் எழுதி முடித்ததும் எஃப்சிங்க் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிடு என்ற கால்), அப்புறம் தற்காலிகப் பெயரிலிருந்து உண்மைப் பெயருக்கு மாற்றம், பிறகு ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க், கடைசியில் டிஸ்கிலிருந்து படித்து ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) ஒப்பீடு. ரேமில் இருக்கும் நகலையே திரும்பப் படித்து ஒப்பிட்டால் பயனில்லை, டிஸ்கைக் கழற்றி மாட்டியோ கேஷைத் தவிர்த்தோ படிக்க வேண்டும். இவ்வளவும் நேரம் பிடிக்கும், 64 ஜிபி கார்டுக்கு ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். அவசரப்படுகிற இடத்தில் அண்ணாச்சியிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், இன்னொரு கார்டு வாங்கித் தருவது மலிவு. ஸ்டாட் எதற்கு என்றால், எதையெல்லாம் ஹாஷ் பார்க்க வேண்டும் என்று வடிகட்டுவதற்கு, அளவே வேறாக இருப்பதை உடனே பிடிப்பதற்கு, நகலெடுக்கும்போது மூல ஃபைல் அசைந்ததா என்று காவல் இருப்பதற்கு.

நெட்வொர்க் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் ஸ்டாட் கேட்டால் வருவது பழைய பதிலாக இருக்கலாம், வழக்கமான அமைப்பில் ஃபைல் விவரத்தை 3 செகண்டிலிருந்து 60 செகண்டு வரை உங்கள் கணினியே நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும். ஸ்டாட்எக்ஸுக்கு இங்கே ஒரு நியாயமான வேலை இருக்கிறது, சர்வரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றோ, கேட்காமல் கையில் இருப்பதைச் சொன்னால் போதும் என்றோ கொடி கொடுக்கலாம். ஆயிரக்கணக்கான படம் உள்ள ஃபோல்டரில் ஒவ்வொன்றுக்கும் சர்வருக்குப் போய்வருவது என்றால் ஸ்கிரீனில் பட்டியல் வரவே நேரமாகும். பட்டியல் காட்டுவதற்குக் கையில் இருப்பது போதும், சரிபார்ப்பதற்குக் கூடாது. சரிபார்க்கும் புரோகிராமை முடிந்தால் அந்த நெட்வொர்க் டிஸ்க் இருக்கும் என்ஏஎஸ் பெட்டியிலேயே ஓட விடுங்கள், அங்கே ஃபைல் நேரடியாகக் கைக்கு எட்டும், எஃப்ஸ்டாட் சொல்வது அந்த நொடியின் பதிலாக இருக்கும்.